அம்மாவின் கண் சொட்டு மருந்தை நாய்க்கு விடலாமா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு மூன்று வயது. இரண்டு நாட்களாக அதன் இடது கண் சிவந்து நீர் வடிகிறது. முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. தனியார் மருத்துவமனைக்குச் செல்ல இப்போது கையில் பணமில்லை. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவுக்குக் கொடுத்த சொட்டு மருந்து மீதம் இருக்கிறது. அதை விடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். கண்புரை அறுவைக்குப் பின் தரப்படும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். உங்கள் நாயின் கருவிழியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலும், ஸ்டீராய்டு அது ஆறுவதைத் தடுத்து, கிருமித் தொற்றுக்கு வழிவிட்டு, சில நாட்களிலேயே கருவிழியில் துளை விழும் அளவுக்குக் கொண்டுபோய்விடக்கூடும். நாயின் கருவிழி அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமன்தான் கொண்டது என்பதால், நாம் தவறு செய்து திருத்திக்கொள்ள அங்கே இடமில்லை. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், கொத்தமல்லித் தண்ணீர் ஆகியவற்றையும் அன்பின் பேரில் விடுகிறார்கள், அவையும் வேண்டாம்.

இன்று வீட்டிலேயே செய்யக்கூடியது, கண்ணைக் கழுவுவதும் நாய் அதைத் தேய்க்காமல் காப்பதும்தான். மருந்துக் கடையில் நார்மல் சலைன் எனப்படும் கிருமி நீக்கிய உப்புக் கரைசல் பாட்டில் குறைந்த விலைக்கே கிடைக்கும். அதுவும் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் முக்கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அன்றைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பகல் வெளிச்சத்தில் இமையை மெல்ல விலக்கி, தூசியோ புல் விதையோ இமையோரத்தில் உண்ணியோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சலைனைத் தாராளமாக ஊற்றிக் கழுவி, வெளியே வடிவதைச் சுத்தமான பஞ்சால் மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். கருவிழியின் மேல் பஞ்சு படக்கூடாது, அதில் குத்தி நிற்கும் எதையும் நீங்களே பிடுங்கவும் கூடாது. நாயின் கால் கண்ணுக்கு எட்டாதபடி கழுத்தைச் சுற்றி மாட்டும் கூம்பை வாங்க முடியாவிட்டால் தடித்த அட்டையை வெட்டிக் கூம்பாகச் சுற்றி, விளிம்பில் துணி ஒட்டி மாட்டுங்கள். ஓர் இரவு முழுக்கத் தேய்த்தாலே வெறும் உறுத்தல் புண்ணாகிவிடும் என்பதால், இதை நான் மருந்துக்கு இணையாகக் கருதுகிறேன்.

ஆனால் கண்ணைத் திறக்கவே மறுத்தாலோ, கருவிழியில் நீலம் கலந்த வெண்மை படர்ந்தாலோ, மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் சீழ் வந்தாலோ, விழி பிதுங்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சுண்ணாம்போ அமிலமோ பட்டிருந்தால் முதலில் இருபது நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், ஏற்கெனவே இரண்டு நாள் கடந்துவிட்ட நிலையில், இன்னும் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் நாய்களுக்கும் சிகிச்சை உண்டு. சென்னையில் 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் இயங்குகின்றன. உங்களிடம் உள்ள தொகையை மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லி, ஃப்ளோரசீன் சோதனை ஒன்றையாவது செய்யச் சொல்லுங்கள். சாயம் தோய்ந்த சிறு தாள் கண்ணில் பட்டதும், புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். எந்த மருந்து தரலாம், எதைத் தரவே கூடாது என்பது அதிலேயே பெரும்பாலும் தெளிவாகிவிடும். நாய்க்கு எழுதப்படும் ஆண்டிபயாடிக் சொட்டு மருந்துகள் பலவும் மனிதர்களுக்கானவையே என்பதால், கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) எழுதி வாங்கினால் மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குப் பெற வாய்ப்புண்டு.

இரண்டு கண்களும் சிவந்து, உடலில் உண்ணியும் சோர்வும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் கண்ணின் உட்புறத்தையும் தாக்கும். அம்மாவின் மருந்தை ஒரு சொட்டு ஏற்கெனவே விட்டிருந்தாலும் மறைக்காமல், அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.