கடைசி அறுபது பக்கங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கொலை, தற்கொலை, வன்முறை, ஆறாத துக்கம் என்று இருண்ட விஷயத்தை எடுத்துக்கொண்டு நாவல் எழுதுகிறவர்கள், முடிவை நெருங்கும் வாரங்களில் அன்றாடத்தை எப்படி ஓட்டுவது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: முக்கால் நாவல் வரை ஒரு நாளைக்கு ஆயிரம் சொல் ஓடியது. இப்போது முட்டி மோதினாலும் நானூறைத் தாண்டவில்லை. சரக்கு தீர்ந்துவிட்டதா?

பதில்: சரக்கு தீரவில்லை, சுமை கூடியிருக்கிறது. முன்பாதியில் ஒரு பாத்திரம் எந்தப் பக்கமும் நடக்கலாம். கடைசியில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஏற்கெனவே எழுதிய முந்நூறு பக்கத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேகம் குறையத்தான் செய்யும். அன்றாட இலக்கையே நானூறாகக் குறைத்துவிடுங்கள். தொண்ணூறு நிமிடம் ஓர் அமர்வு, நடுவே எழுந்து இருபது நிமிடம், மறுபடி ஓர் அமர்வு. மூன்றாவது அமர்வில் வருவது பெரும்பாலும் மறுநாள் வெட்டிப் போடத்தான் பயன்படும்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேகம் குறைவதற்கு இல்லை, திடீரென்று கூடுவதற்கு. இருண்ட கதைக்குள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் இருந்தவருக்கு எப்படியாவது வெளியே வந்துவிட்டால் போதும் என்றிருக்கும். அந்த அவசரம் பக்கத்தில் தெரிந்துவிடும். காட்சியாக வர வேண்டியது செய்தியாகிவிடும். அத்தியாயங்களின் சொல் எண்ணிக்கையை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். சராசரி நாலாயிரமாக இருந்து, கடைசி மூன்றும் 2,600, 1,900, 1,100 என்று இறங்கினால் சந்தேகப்படுங்கள். சுருக்கம் திட்டமிட்டதாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய, அந்த அத்தியாயங்களில் ‘அதன் பிறகு’, ‘சில நாட்களில்’, ‘ஒருவழியாக’ என்று தொடங்கும் வாக்கியங்களில் கோடு போடுங்கள். பக்கத்துக்கு மூன்று தேறினால் நீங்கள் கதையைச் சொல்லவில்லை, கடந்து ஓடுகிறீர்கள்.

ஓடுவதற்கு வேறு இரண்டு வழிகளும் உண்டு. ஒன்று, திடீர் ஆறுதல். அதுவரை பேச்சே இல்லாத ஒரு கடிதம் பெட்டியிலிருந்து கிடைக்கும், இல்லாவிட்டால் எங்கிருந்தோ ஒரு குழந்தை வந்து சிரிக்கும். இன்னொன்று அதற்கு நேர் எதிர். வலி மரத்துப்போய், போதாக்குறைக்கு இன்னொருவரையும் சாகடிப்பது. இரண்டுமே களைப்பில் வருபவை. காலையில் முதல் வேலையாக எழுதும்போது இப்படித் தோன்றுகிறதா, இரவு பத்து மணிக்கு மட்டும் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். இரவில் மட்டும் என்றால் கடைசி அத்தியாயத்தை இரவில் தொடாதீர்கள். ஹெமிங்வே தன் நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தை 39 தடவை திருத்தி எழுதியதாக 1958இல் வெளியான பேட்டியில் சொன்னார். அத்தனை தடவை எழுத வேண்டும் என்று சட்டமில்லை. முதல் முடிவையே அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்றும் இல்லை.

கேள்வி: அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். கொடூரமான காட்சிக்கும் இது பொருந்துமா?

பதில்: பாதிதான் பொருந்தும். மற்ற இடங்களில் வாக்கியத்தின் நடுவில்கூட நிறுத்தலாம், மறுநாள் தொடங்க வசதி. ஆனால் ஒருத்தி அடி வாங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் எழுத்தை நிறுத்தினால், இரவு முழுக்க நீங்களும் அங்கேயே நிற்பீர்கள். கொடுமை நடந்து முடிந்து, யாராவது ஒரு சாதாரண காரியம் செய்யும் இடம்வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்துங்கள். கதவைச் சாத்தலாம், விளக்கைப் போடலாம், பஸ்ஸுக்கு நிற்கலாம், எதுவானாலும் சரி. பிறகு அதற்குக் கீழேயே நாளைக்கு எழுத வேண்டியதை மூன்று வரியில் குறித்துவிடுங்கள்.

இன்னொன்று. அப்படிப்பட்ட காட்சியின் முதல் வரைவை இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே மூச்சில் எழுதுங்கள். எழுதியதை அன்றே திரும்பப் படிக்காதீர்கள். மூன்று நாளாவது வேறு காட்சியில் வேலை செய்துவிட்டு வந்து திருத்துங்கள். பலரை உருக்குலைப்பது ஒரு தடவை எழுதுவது அல்ல, படுக்கப் போகும் முன் அதையே ஆறு தடவை படிப்பது.

கேள்வி: படுத்தால் தூக்கம் வரவில்லை. வயிறு சரியில்லை. நாவலில் வரும் நோய் எனக்கே வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உடம்பும் சேர்ந்து எழுதுவது புதிதல்ல. நாயகி நஞ்சு உண்ணும் பகுதியை எழுதியபோது தன் வாயிலேயே ஆர்சனிக் சுவையை உணர்ந்ததாகவும், சாப்பிட்டது செரிக்காமல் வாந்தி எடுத்ததாகவும் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் 1866இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதற்காக எல்லாவற்றையும் நாவலின் தலையில் கட்டிவிட முடியாது. வயிற்றுக் கோளாறு இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.

தூக்கத்துக்கு முதலில் காபியைக் கவனியுங்கள். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே ஏறக்குறைய ஐந்தாறு மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். பகல் இரண்டு மணிக்கு மேல் குடிக்காதீர்கள். எழுத்து வேலை படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிந்துவிடட்டும். படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியவற்றைத் தாளில் பட்டியலிடுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இளைஞர்களைத் தூங்கவைத்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். ஆகவே ‘பன்னிரண்டாம் அத்தியாயம்’ என்று மொட்டையாகக் குறிக்காமல், ‘மாமா வீட்டு வாசல், யார் கதவைத் திறப்பது, சாவி எங்கே’ என்று எழுதுங்கள்.

கேள்வி: குடித்துவிட்டு எழுதினால் இந்தப் பகுதி நன்றாக வருமா?

பதில்: நன்றாக வந்ததாகத் தோன்றும். காலையில் படித்துப் பாருங்கள். போதாததற்குப் பின்னிரவுத் தூக்கமும் கெடும், மறுநாள் அமர்வும் போகும்.

கேள்வி: தகவலுக்காக விபத்துப் படங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கைகள், வீடியோக்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணை மூடினால் அதுவே வருகிறது.

பதில்: முடிவை நெருங்கிவிட்டீர்கள் என்றால் புதிதாக எதையும் தேடாதீர்கள். விவரம் தெரியாத இடத்தில் ## என்று போட்டுவிட்டு மேலே எழுதுங்கள். வரைவு முடிந்ததும் ## எல்லாவற்றையும் ஒரே நாளில், பகலில், தேடி நிரப்புங்கள். பாதி இடத்தில் அந்த விவரமே தேவைப்படாது என்பது அப்போது தெரியும்.

பார்த்தே ஆக வேண்டுமென்றால் வீடியோவில் ஒலியை அணைத்துவிடுங்கள். பலருக்குக் காட்சியைவிட அலறல்தான் மனதை விட்டுப் போகாது. திரை முழுக்க வைக்காமல் ஜன்னலைச் சின்னதாக்குங்கள். நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள் என்று முன்கூட்டியே ஒரு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள், விடை கிடைத்ததும் மூடுங்கள். கிடைத்ததைச் சொல்லாகத் தனிக் கோப்பில் எழுதிவையுங்கள், இன்னொரு முறை படத்தைத் திறக்க வேண்டியிராது. நாவல் கோப்பு இருக்கும் அதே இடத்தில் படங்களைச் சேர்த்துவைக்காதீர்கள். தினமும் கண்ணில் படும்.

கேள்வி: என் கணவர் நாவலை முடிக்கும் தறுவாயில் இருக்கிறார். எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறார். நான் என்ன செய்வது?

பதில்: “எப்போ முடியும்?” என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள், அம்மா. அது அவருக்கே தெரியாது. “இன்னைக்கு எத்தனை மணிக்கு எழுந்து வருவீங்க?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியும், சொன்ன நேரத்துக்கு வரவும் முடியும். மேஜையிலிருந்து எழுந்ததும் நேரே சாப்பாட்டுக்கு உட்காராமல் அரை மணி நேரம் தனியாக நடந்துவிட்டோ குளித்துவிட்டோ வரச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரம் வரை வீட்டுக் கணக்கைப் பேச வேண்டாம். கொடூரமான அத்தியாயத்தை இரவு பதினொரு மணிக்கு உங்களிடம் படித்துக் காட்ட வந்தால் மறுத்துவிடலாம், மனைவி என்பதற்காக முதல் வாசகியாக இருந்தே தீர வேண்டும் என்றில்லை. எரிந்து விழுவதற்கு எழுத்து ஒரு காரணமாக இருக்கலாம், உரிமம் அல்ல. அதை அவரிடம் அவர் எழுதாத நேரத்தில் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கூர்ந்து பாருங்கள். இரண்டு வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் குறைந்து, யாரோடும் பேசாமல், தன் சாவைப் பற்றியோ எல்லாருக்கும் பாரமாக இருப்பதைப் பற்றியோ பேச ஆரம்பித்தால் நாவல் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். தனியாக இருக்கும் எழுத்தாளர்களுக்கும் இதுதான்: கூப்பிட்டதும் வரக்கூடிய ஒருவரை இப்போதே சொல்லிவையுங்கள்.

கேள்வி: கடைசி அத்தியாயங்களை வாசித்த நண்பர், ‘எல்லாம் ஒரே இருட்டாக இருக்கிறது’ என்கிறார். கதையே அப்படித்தானே?

பதில்: கதை இருட்டாக இருப்பதைச் சொல்கிறாரா, ‘இருட்டு’ என்ற சொல்லைச் சொல்கிறாரா என்று பாருங்கள். கணினியில் தேடுவது சுலபம், ஒரே ஒரு நுணுக்கம் உண்டு. ‘இருட்டு’ என்று தேடினால் ‘இருட்டில்’ அகப்படாது. ‘இருட்’ வரை மட்டும் கொடுங்கள். ‘மௌனம்’ வேண்டாம், ‘மௌன’ போதும். ‘வெறுமை’, ‘உறைந்’, ‘பெருமூச்’, ‘கண்ணீ’ ஆகியவற்றையும் தேடுங்கள். அறுபது பக்கத்தில் ‘மௌன’ முப்பது தடவை வந்தால் நான்கை வைத்துக்கொண்டு மற்றதைக் கழியுங்கள்.

கழித்த இடத்தில் என்ன வைப்பது? ஒரு தாய்க்கு மகன் இறந்த செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அவள் உலகமே இருண்டது. உறைந்து நின்றாள்’ என்று முதல் வரைவில் இருக்கும். ‘அடுப்பை அணைத்தாள். மூடியிருந்த பாத்திரத்தை மறுபடியும் மூடினாள். அவன் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தாள்’ என்று எழுதினால் உணர்ச்சியின் பெயரே வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் இதைச் செய்யப் போனால் அதுவும் ஒரு சூத்திரமாகிவிடும். பக்கத்துக்கு ஒன்று போதும், மீதி இடத்தில் நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம். நாவல் முழுக்க ஒரே சுருதியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாவு வீட்டிலும் யாராவது ஒருவர் சில்லறைப் பாக்கியைப் பற்றிப் பேசத்தான் செய்வார்கள்.

கேள்வி: முடித்துவிட்டேன். சந்தோஷமே இல்லை, வெறிச்சென்று இருக்கிறது. கிழித்துப் போடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: முடித்த முதல் வாரத்தில் நாவலைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். கிழிப்பதும் வேண்டாம், பதிப்பகத்துக்கு அனுப்புவதும் வேண்டாம். கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு மூன்று பிரதி எடுங்கள்: கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. கடைசியது உங்களுக்கே அனுப்பிக்கொண்ட மின்னஞ்சலாகவும் இருக்கலாம். நான்கிலிருந்து ஆறு வாரம் திறக்காமல் வையுங்கள். அதன் பிறகு எழுத்துருவை மாற்றி, அச்சிட்டு, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் புள்ளி மட்டும் வைத்துக்கொண்டு போங்கள், முதல் வாசிப்பில் திருத்த உட்காராதீர்கள்.

அந்த ஆறு வாரத்துக்கு வேலை இல்லாமல் இல்லை. ‘நாவல் முடியட்டும்’ என்று ஒத்திப்போட்டவை ஒரு பட்டியல் தேறும்: கண்ணாடி மாற்றுவது, கட்டாத பில்கள், பதில் போடாத கடிதங்கள், திருப்பிக் கொடுக்காத நூலகப் புத்தகங்கள். காலையில் வழக்கமாக எழுத உட்காரும் நேரத்திலேயே அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பல் வலி இருந்தால் அதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.