சாயலும் பங்காளியும்

அன்புள்ள சார்,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். ஏழாவது படிக்கும் என் மகளுக்கு டைனோசர் பைத்தியம். போன வாரம் கோழிக்குழம்பு ஊற்றும்போது, "வாப்பா, நாம சாப்பிடுறது டைனோசர்" என்றாள். என் உம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

அவள் புத்தகத்தில் டைனோசர்களை "பறவை இடுப்பு", "பல்லி இடுப்பு" என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் பறவைகள் வந்தது பல்லி இடுப்புக் கூட்டத்திலிருந்தாம். இது என்ன கூத்து? அரியலூர் பக்கம் கிடைத்த டிராவிடோசாரஸ் முதலில் டைனோசர், அப்புறம் டைனோசரே இல்லை என்கிறார்கள். ஆளாளுக்கு மாற்றிச் சொல்வதை அறிவியல் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்ல?

கரையில் கிடந்த ஒரு எலும்பின் படமும் அனுப்பியிருக்கிறேன். அளவுக்கு மீறிக் கனக்கிறது. டைனோசர் விலா என்று மகள் அலமாரியில் வைத்திருக்கிறாள். (பெயர் போட வேண்டாம்.)

* * *

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொன்னது சரி. கோழி டைனோசர்தான். டைனோசர் மாதிரி என்றோ, டைனோசருக்குத் தூரத்துச் சொந்தம் என்றோ இழுக்க வேண்டியதில்லை.

உங்கள் தொழிலிலிருந்தே வருகிறேன். ஏலக்கூடத்தில் மீனைக் கூறு போடுவது விலைக்காக. அதில் தப்பில்லை. ஆனால் உறவுக்காகக் கூறு போடச் சொன்னால் என்ன செய்வீர்கள்? திருக்கையையும் நாக்கு மீனையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் தட்டை, இரண்டும் மணலில் படுத்துக் கிடப்பவை. சுறாவோ ஈட்டி மாதிரி நீளம். சாயலைப் பார்த்தால் திருக்கைக்கு நாக்கு மீன்தான் சொந்தம் என்று தோன்றும். உங்கள் உம்மாவிடம் கேளுங்கள், எதில் புட்டு செய்வார்கள் என்று. சுறாவில், திருக்கையில். நாக்கு மீனில் செய்தால் முள் தொண்டையில் நிற்கும். சுறாவுக்கும் திருக்கைக்கும் உள்ளே இருப்பது வெறும் குருத்தெலும்பு. அவை இரண்டும்தான் பங்காளி. நாக்கு மீன் தட்டையானது தனிக் கதை.

பங்காளி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். ஊரில் எல்லாருக்கும் இரண்டு கண் இருக்கிறது என்பதற்காக யாரும் யாருக்கும் பங்காளி ஆகிவிடுவதில்லை. ஒரு பாட்டனாரிடம் புதிதாகத் தோன்றி, அவர் வழியில் மட்டும் இறங்கிவந்த அடையாளம் இருந்தால்தான் பேச்சு. இதை ஒரு முறையாக வகுத்து 1950-இல் எழுதியவர் வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மானியர். வாழ்நாள் முழுக்க அவர் ஆராய்ந்தது ஈக்களையும் கொசுக்களையும்தான். டைனோசர்க்காரர்கள் அந்த முறையைக் கையில் எடுக்க இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

அதற்கு முன்னால் வைத்த பெயர்கள்தான் உங்களைக் குழப்புகின்றன. ரிச்சர்ட் ஓவன் 1842-இல் டைனோசர் என்ற கூட்டத்துக்குப் பெயரிட்டபோது அவர் கையில் இருந்தது மூன்றே மூன்று விலங்குகள்: மெகலோசாரஸ், இகுவானோடான், ஹைலியோசாரஸ். 1887-இல் ஹாரி சீலி இடுப்பைப் பார்த்து அந்தக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தார். இடுப்பில் அடிவயிற்றுப் பக்கம் ஒரு எலும்பு உண்டு. அது முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் பல்லி இடுப்பு. வாலைப் பார்த்துத் திரும்பியிருந்தால் பறவை இடுப்பு. அவர் பார்த்தது சாயலை. அந்த இரண்டு பெயரும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கோழியில் அந்த எலும்பை நீங்களே தொட்டிருப்பீர்கள். முட்டையிடும் கோழிதானா என்று பார்க்க, வாலுக்குக் கீழே விரலை வைத்து இரண்டு ஊசி எலும்புகளுக்கு நடுவே எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று பார்ப்பார்களே, அதேதான். பின்னால் திரும்பித்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரே ஒரு சாட்சி. மறுபக்கச் சாட்சிகளைப் பாருங்கள்: மார்புக்கு மேலே கவட்டை போல ஒரு எலும்பு, உள்ளே காற்றறை உள்ள எலும்புகள், முன்னால் மூன்று விரல் ஊன்றி நடக்கும் கால், இறகு. இத்தனையும் டைரனோசாரஸ் இருக்கிற தெரோபாட் கூட்டத்தோடு போகின்றன. அந்தக் கூட்டம் சீலியின் கணக்கில் பல்லி இடுப்பு. ஆக, எலும்பு பின்னால் திரும்பியது இரண்டு இடத்தில் தனித்தனியாக நடந்திருக்கிறது, நாக்கு மீனும் திருக்கையும் தனித்தனியாகத் தட்டையான மாதிரி. 1986-இல் ஜாக் காத்தியே ஹென்னிக் முறைப்படி இந்தச் சாட்சிகளை வரிசைப்படுத்திப் பறவைகளைத் தெரோபாட் கிளைக்குள்ளேயே உட்கார வைத்தார்.

மகளிடம் வெறுமனே சொல்வதைவிட ஒன்றைக் காட்டுங்கள். அடுத்த முறை கோழி வாங்கும்போது இடுப்புப் பகுதியைத் துண்டு போடாமல் கேட்டு வாங்குங்கள். வெந்தபின் தொடை எலும்பைக் கழற்றிவிட்டு, அது உட்கார்ந்திருந்த குழியைச் சுத்தம் செய்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். குழிக்கு அடி கிடையாது, வட்ட ஓட்டை வழியாக அந்தப் பக்கம் தெரியும். ஆட்டு இடுப்பில் அதே இடம் அடி உள்ள கிண்ணம். ஓணானுக்கும் உடும்புக்கும்கூட மூடித்தான் இருக்கும். இடுப்புக் குழியில் இப்படித் திறந்த ஓட்டை என்பது டைனோசர்களை அடையாளம் காண ஆராய்ச்சியாளர்கள் முதலில் தேடுபவற்றில் ஒன்று. நான் இதைச் செய்து பார்த்தபோது வீட்டில் சோறு ஆறிப்போய்த் திட்டு வாங்கினேன்.

சரி, மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே என்கிறீர்கள். சொல்கிறார்கள்தான். சீலியின் பாகப்பிரிவினையையே 2017-இல் பாரன், நார்மன், பாரெட் என்ற மூவர் அசைத்துப் பார்த்தார்கள். 74 வகை விலங்குகள், 457 அடையாளங்கள் என்று அட்டவணை போட்டு, தெரோபாட்கள் பறவை இடுப்புக்காரர்களுக்குத்தான் நெருங்கிய பங்காளி, நீண்ட கழுத்துச் சாரோபாட்கள் அடுத்த வீடு என்றார்கள். அதே வருடம் வேறொரு குழு அதே அட்டவணையின் கட்டங்களைத் திருத்திப் போட்டுப் பார்த்தது. பழைய உறவு மரமே திரும்ப வந்தது, ஆனால் மயிரிழை வித்தியாசத்தில்தான். வேருக்குப் பக்கத்தில் இருக்கும் விலங்குகள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் அந்த இடத்தில் சண்டை ஓயவில்லை. கோழி எந்தக் கிளையில் என்பதில் இந்தச் சண்டையே இல்லை. இதை மட்டும் பிள்ளையிடம் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

டிராவிடோசாரஸுக்கு நேர்ந்தது வேறு. 1979-இல் யாதகிரியும் அய்யாசாமியும் அதற்குப் பெயரிட்டபோது, முதுகில் தகடுகள் நிறுத்திய ஸ்டெகோசார் வகை என்றார்கள். கிடைத்ததோ கடலடியில் படிந்த பாறையில், சிதைந்த எலும்புகளாக. 1996-இல் சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும், அது துடுப்புக்கால் கொண்ட பிளீசியோசார் என்றார்கள். பிளீசியோசார் கடலில் வாழ்ந்த ஊர்வன, டைனோசர் அல்ல. பெயரில் திராவிடம் இருப்பதால் நமக்குக் கொஞ்சம் வலிக்கிறது. எனக்கும்தான். அரியலூர்ப் பக்கத்திலேயே கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸ் கதை இன்னும் மோசம். 1987-இல் மாமிசம் தின்னி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு அது இலைதின்னும் பெரிய சாரோபாட் என்றானது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இன்று போய்ப் பார்க்க முடியாது, எலும்புகள் பொடிந்துவிட்டன. என் ஆத்திரமெல்லாம் இதில்தான். பெயரை மாற்றலாம், திருத்தலாம். எலும்பே போய்விட்டால் எதை வைத்துத் திருத்துவது?

கடைசியாக உங்கள் படம். டைனோசர் இல்லை. பறவைகள் தவிர மற்ற டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் கரையின் மணலும் பவளப்பாறையும் அவற்றுக்கு முன்னால் நேற்றுப் பிறந்தவை. படத்தில் இருப்பது தடித்த, வளைந்த விலா. முறிந்த முனையில் மஜ்ஜைக்கான துளை தெரியவில்லை, உள்ளெல்லாம் கெட்டி. அளவுக்கு மீறிக் கனக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆவுளியா என்ற கடல் பாலூட்டியின் விலா அப்படித்தான் இருக்கும், அதை நீருக்கடியில் அமிழ்த்தி வைக்கும் பாரம் அது.

மகள் ஏமாந்து போவாள் என்றால் இதைச் சொல்லுங்கள். ஆவுளியாவைக் கடல் பசு என்கிறோம், ஆனால் அதற்கும் பசுவுக்கும் நெருங்கிய உறவு இல்லை. இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு நெருங்கிய பங்காளிகளில் ஒன்று யானை. ஆண் ஆவுளியாவுக்கு முன்பல் வளர்ந்து தந்தமாக வரும், யானைக்கு வருவது போலவே. குட்டிக்குப் பால் கொடுக்கும் காம்பும் இரண்டுக்கும் முன்கால் பக்கத்தில்தான் இருக்கிறது, மாட்டைப் போலப் பின்னால் இல்லை.

எலும்பை அலமாரியில் வைத்திருக்க வேண்டாம். ஆவுளியா 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதன் எலும்பை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். எந்த இடத்தில், என்றைக்குக் கிடைத்தது என்று ஒரு தாளில் மகளையே எழுதச் சொல்லி, அதோடு சேர்த்து வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.