தூத்துக்குடிக்கு ஒரு மணி நேரமா, ஒன்றரை மணி நேரமா?

கேள்வி: ஆடி அமாவாசைக்கு அம்மாவைத் தூத்துக்குடி பக்கத்து ஏரல் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். பெங்களூரு - தூத்துக்குடி தூரம் 500 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 1 மணி 7 நிமிடம் என்று இணையத்தில் பார்த்தேன். டிக்கெட்டில் 1 மணி 35 நிமிடம் போட்டிருக்கிறது. ஊரில் எந்த நேரத்துக்குக் கார் சொல்வது? மதுரைக்குப் போனால் சீக்கிரம் என்கிறார் என் கணவர். அம்மாவுக்கு முழங்கால் வலி.
- வாசகி, கே.ஆர்.புரம், பெங்களூரு

பதில்: டிக்கெட்டில் இருப்பதை வைத்தே கார் சொல்லுங்கள்.

தூரம் சரிதான். பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையம் ஏறக்குறைய 13.2 பாகை அட்சரேகையில் இருக்கிறது, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் 8.7-இல். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோட்டில் வடக்கு தெற்காக அமைந்தவை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று நாலரையால் பெருக்கினால் 500 வந்துவிடும். நேரத்தில்தான் சிக்கல். அந்த மாதிரிக் கணக்குகள் பெரும்பாலும் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும் ஜெட் விமானத்தை நினைத்துப் போடுபவை. இந்தத் தடத்தில் நாம் ஏறுவது ஏடிஆர், இறக்கையில் விசிறி சுற்றும் விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். வாகைக்குளத்தின் பழைய ஓடுதளம் 1,350 மீட்டர்தான் என்பதால் பெரிய விமானம் இறங்க வழியில்லாமல் இருந்தது. இப்போது 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் எத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தது தெரியுமா!

இன்னொன்று, டிக்கெட்டில் போடுவது ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதுவரை எல்லாம் சேர்ந்தது. தேவனஹள்ளியில் ஓடுதளத்துக்கு வரிசையில் ஊர்ந்து போவதற்கே நல்ல நேரம் பிடிக்கும்.

மதுரை வேண்டாம். தூரம் 375 கிலோமீட்டர்தான், பறப்பதில் கொஞ்சம் மிச்சமாகும், உண்மை. ஆனால் அங்கிருந்து ஏரலுக்கு மூன்று மணி நேரம் காரில் காலை மடக்கி உட்கார வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் கொடுமை. வாகைக்குளத்திலிருந்து ஏரல் பக்கம்தானே.

சக்கர நாற்காலிக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். சிவாஜி நகரில் டிக்கெட் போட்டுக் கொடுத்த காலத்தில் வயதானவர்களுக்கு இதைத்தான் முதலில் கேட்பேன். நாற்காலியில் வருபவர்களைக் கடைசியில் இறக்குவார்கள். அதனால் விமானம் சேரும் நேரத்துக்கு அரை மணி கழித்துக் கார் வந்தால் போதும். அமாவாசையன்று ஏரலுக்குள் கூட்டம் நெரியும். முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

கேள்வி: ஆடிக்காற்றில் விமானம் தாமதமாகுமா? திரும்பி வரும்போது நேரம் மாறுமா?
- அதே வாசகி

பதில்: பெரிதாக மாறாது. ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவது. நாம் போவது தெற்கே, வருவது வடக்கே. இரண்டு முறையும் காற்று பக்கவாட்டில்தான் அடிக்கும். டெல்லி - குவாஹாட்டி மாதிரி கிழக்கு மேற்காகப் போகிறவர்களுக்குத்தான், அதுவும் குளிர்காலத்தில், மேற்கே திரும்பும்போது நேரம் நன்றாகவே கூடும். ஆனால் இறங்கும்போது கொஞ்சம் குலுக்கும். அம்மாவுக்கு இறக்கை பக்கத்து இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள், அங்கே ஆட்டம் குறைவு.