சின்ன ட்ராக்டரின் முன் பக்கெட் மெதுவாக எழும்புகிறது, தூக்கி நிறுத்தினால் தானாக இறங்குகிறது. பம்ப் மாற்ற வேண்டுமா?

தம்பி, பம்பை இப்போதைக்குத் தொடாதீர்கள். மட்டக்குளியில் மணல், மண் விற்கும் ஒரு யார்டில் இப்படிப்பட்ட ரீகண்டிஷன் ட்ராக்டரை வைத்துத்தான் வேலை செய்கிறேன். இதே கோளாறு எனக்கும் வந்தது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடி அலைந்து பம்ப் வாங்கிப் போட்டேன். மறுநாள் காலையும் அதே இரைச்சல், அதே சோர்வு.

முதலில் பின்பக்க லிஃப்டில் பாரம் மாட்டித் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான சின்ன ட்ராக்டர்களில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பம்ப்தான். பின்பக்கம் வழக்கம்போலத் தூக்கினால் பம்ப் நன்றாக இருக்கிறது, லோடரின் (முன் பக்கெட்டைத் தூக்கும் பகுதியின்) வால்வையும், ஹோஸ்களை இணைக்கும் கப்லிங்கையும் பாருங்கள். கப்லிங் முழுதாகப் பூட்டாவிட்டால் உள்ளே இருக்கும் குண்டு ஒயில் போகும் வழியைப் பாதி அடைத்துவிடும். முன், பின் இரண்டுமே சோர்ந்திருந்தால் ஒயில் அளவு, பில்டர், பம்புக்கு ஒயிலை இழுக்கும் உறிஞ்சும் குழாய், அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு என்று பார்த்துக்கொண்டு போங்கள். பம்ப் கடைசி.

எனக்குக் கோளாறு இருந்தது உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங்கில், அதாவது ரப்பர் வளையத்தில். அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் ஒயில் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். தரையில் ஒரு கறைகூட இராது. அதனால்தான் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஒயில் பால்போல வெளுத்திருந்தால் கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வையுங்கள். சற்று நேரத்தில் தெளிந்தால் காற்று. தெளியாமல் அப்படியே நின்றால் தண்ணீர். நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் அதுவும் நடக்கும், ஒயிலை மாற்றத்தான் வேண்டும்.

சரி, தானாக இறங்குவது. எல்லோரும் சிலிண்டர் சீலைத்தான் குற்றம் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள்: லீவர் நடுவில் இருக்கும்போது சிலிண்டரின் இரண்டு வாயும் வால்வில் அடைபட்டிருக்கும். சீல் மட்டும் தேய்ந்திருந்தால் அடிப்பக்க ஒயில் ராட் (உள்ளும் புறமும் நகரும் தண்டு) இருக்கும் பக்கம்தான் போக வேண்டும். அங்கே ராட்டே இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அவ்வளவு ஒயில் கொள்ளாது. கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். தரை வரைக்கும் வருகிறதென்றால் ஒயில் வால்வின் ஸ்பூல் (லீவர் அசைக்கும் உள்தண்டு) வழியே நழுவுகிறது, இல்லையென்றால் எங்கோ வெளியே கசிகிறது. இரவில் தூக்கி விட்ட பக்கெட் காலையில் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஸ்பூலில் அந்தளவு இடைவெளி இருக்கவே செய்யும்.

ஹோஸைக் கழற்றுவதற்கு முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். தூக்கி நிற்கும் பக்கெட்டின் கீழே தலையை நீட்டவே கூடாது. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், மட்டைப் பெட்டித் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளையில் பீறிடும் ஒயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரியும், வலியும் பெரிதாக இராது. ஆனாலும் உடனே கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைக்குப் போய், ஹைட்ரோலிக் ஒயில் உள்ளே ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிந்தினால் விரலே போய்விடும்.

அப்புறம், பழைய பில்டரை எறிந்துவிடாமல் வெட்டி விரித்துப் பாருங்கள். உள்ளே உலோகத் துகள் மின்னினால் பம்போ கியர்பெட்டியோ தேய்கிறது. அப்படி இருந்தால் மட்டும் பஞ்சிகாவத்தைக்குக் கிளம்புங்கள்.