லுவார் ஆற்றோரம் சைக்கிளில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் சைக்கிளில் சென்றதைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்புகளைப் படித்த நாளிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். பாரிஸின் புறநகரில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆனால் இந்த நாட்டில் நான் அறிந்தவை ரயில் நிலையங்களும் அலுவலகமும்தான். வரும் ஆகஸ்டில் ஒன்பது நாள் விடுமுறை கிடைக்கிறது. நெவேர் நகரில் தொடங்கி, நாளுக்கு 100 கிலோமீட்டர் வீதம் மிதித்து, ஆற்றோரச் சைக்கிள் பாதையின் 900 கிலோமீட்டரையும் முடித்துக் கடலைத் தொட்டுவிட வேண்டும் என்பது திட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் 80 கிலோமீட்டர் வரை ஓட்டிப் பழகியிருக்கிறேன். வயது 41. சைவ உணவு மட்டுமே உண்பேன். இருட்டும் இடத்தில் ஆற்றோரமாகக் கூடாரம் அடித்துக்கொள்ளலாம் அல்லவா? இந்த உடலால் முடியுமா என்பதுதான் என் கவலை. என் மனைவியின் கேள்வி வேறு. அறை எடுக்கக் காசு இருக்கும்போது தரையில் படுப்பதற்காக ஒரு பயணமா என்கிறார். அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் உடலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நெவேரில் ஆறு ஓடும் இடம் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடல்வரை உள்ள 900 கிலோமீட்டரில் அந்த உயரம் இறங்கித் தீர்கிறது என்றால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சாண் சரிவு. சான்சேர் போலக் குன்றின்மேல் அமர்ந்திருக்கும் ஊர்களுக்குள் ஏறிப்பார்க்க ஆசைப்பட்டாலொழிய, கால் நோகும் ஏற்றம் எதுவும் வழியில் இல்லை. சிரமம் தருவது காற்றுதான். அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. ஓர்லேயான் நகரம்வரை வடமேற்காகச் செல்லும் ஆறு அதற்குப் பிறகு மேற்கே திரும்பிவிடுவதால், கடலை நோக்கிப் போகிறவருக்கு ஆறு துணை, காற்று எதிரி. சரிவை நம்பி மேற்கே போனவர்களில் நானும் ஒருவன்.

திருத்தப்பட வேண்டியது உங்கள் கணக்கு. நூறு கிலோமீட்டர் என்று எழுதியபோது நீங்கள் சைக்கிளை மட்டுமே நினைத்திருக்கிறீர்கள். பிரான்சின் கிராமங்கள் வைத்திருக்கும் கடிகாரத்தை நினைக்கவில்லை. பின்சக்கரத்தின் இருபுறமும் பைகள் தொங்க, கூடாரமும் படுக்கையும் கட்டிய வண்டி, மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். அப்படியானால் நூறு கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம். காலையில் பனியில் நனைந்த கூடாரத்தை உதறிக் காயவைத்துச் சுருட்டிக் கிளம்பும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். பன்னிரண்டு மணிக்குக் கடைகள் அடைபடும். இரண்டுக்கோ மூன்றுக்கோதான் மறுபடி திறப்பார்கள். உணவகத்திலும் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரைதான் பகலுணவு; இரண்டரைக்குப் போய் நின்றால், எவ்வளவு கனிவாகக் கேட்டாலும் அடுப்பு அணைந்துவிட்டது என்பார்கள். மாலை ஏழு மணிக்குள், கூடாரம் அடிக்க இடம் தரும் முகாமிடத்தின் அலுவலகமும் மூடிவிடும். இவற்றுக்கு நடுவே ரொட்டியும் பழமும் வாங்கி, தண்ணீர் பிடித்து, ஒரு தேவாலயத்துக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, ஏழு மணி நேரம் மிதிக்க வேண்டும் என்றால், கடைசியில் விட்டுப்போவது அந்தத் தேவாலயமாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை இன்னும் மோசம். கிராமத்து ரொட்டிக்கடைகளில் பல அன்றுதான் விடுமுறை விடுகின்றன. முதல் பயணத்தில் இதை அறியாத நான், ஒரு திங்களன்று அடுத்தடுத்து மூன்று ஊர்களில் அடைத்த கதவைப் பார்த்தேன். பையில் மிஞ்சியிருந்தது பாதி வெங்காயமும் ஒரு கைப்பிடி பருப்பும். நான்காவது ஊரின் சதுக்கத்தில், தபால்பெட்டிக்குப் பக்கத்தில், காசு போட்டால் பாகெத் என்னும் நீள ரொட்டி தரும் தானியங்கிப் பெட்டி ஒன்று நின்றது. நன்றாக இல்லாத அந்த ரொட்டியை நடுத்தெருவில் நின்றுகொண்டே தின்று முடித்தேன்.

ஆகவே தூர் நகரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. வழியில் அது ஏறக்குறைய பாதி. நாளுக்கு 50 கிலோமீட்டர் வந்தால் போதும். ஒன்றிரண்டு நாள் ஓட்டாமலும் இருக்கலாம். கடலைத் தொடாமல் திரும்புவது குறையாகத் தோன்றும், தெரியும். ஆனால் பிரியார் ஊரில், 1896-இல் திறக்கப்பட்ட 662 மீட்டர் நீளமுள்ள பாலத்தின்மேல் ஒரு கால்வாயே லுவாரைக் கடந்து போகிறது; கீழே ஆறு, மேலே படகு. அந்த இரும்புத் தொட்டியின் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். பாதி தூரத்தில் நின்று இரண்டு தண்ணீரையும் மாறிமாறிப் பார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டர்க்காரருக்கு அதற்கு நேரம் இருக்காது. பாதையின் பெரும்பகுதி, வெள்ளத்தைத் தடுக்கப் பல நூற்றாண்டுகளாக மண் கொட்டி உயர்த்திய கரைமேல் ஓடுகிறது. கரையோர ஊர்களின் சுவர்களில் 1846, 1856, 1866 என்று ஆண்டு பொறித்துக் கோடு கிழித்திருப்பார்கள். அந்தந்த ஆண்டின் வெள்ளம் எட்டிய உயரம் அது. சைக்கிளில் அமர்ந்திருக்கும் நம் தலைக்கு மேலேயும் சில கோடுகள் இருக்கும். கீழே பார்த்தால், கோடை ஆறோ மணல்திட்டுகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும். சுற்றுலா அட்டைகளில் வராத காட்சிகளும் உண்டு. பெல்வில், தாம்பியர் அணுமின் நிலையங்களின் குளிர்விப்புக் கோபுரங்கள் வெகுநேரம் கண்ணில் நிற்கும். எவ்வளவு மிதித்தாலும் நகராதவை போல. எனக்கு அவற்றைப் பிடிக்காது. ஆனால் மறைத்து எழுதினால் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.

இருட்டும் இடத்தில் கூடாரம் என்பது சரிவராது. பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் வரலாற்றுச் சின்னங்களைச் சுற்றியும் அனுமதியின்றிக் கூடாரமடிக்க அந்நாட்டுச் சட்டத்தில் தடை உண்டு; மற்ற இடங்களிலும் அந்தந்த ஊர் மேயர் தடை போடலாம். வழியிலுள்ள சுல்லி என்ற ஊரிலிருந்து ஆறு ஓடும் திசையில் உள்ள பள்ளத்தாக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. மணல்திட்டுகள் எவ்வளவு அழைத்தாலும் போகாதீர்கள். கோடையில் ஆலாப் பறவைகள் வெறும் மணலில் முட்டையிடும் இடம் அது. அடிமணல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் ஆற்றில் இறங்குவதும் ஆபத்து.

இதற்கு மாற்றாக அந்த நாடு வைத்திருக்கும் ஏற்பாடு ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். நம் ஊராட்சியைப் போன்ற கொம்யூன்கள் பிரான்சில் ஏறத்தாழ 35,000 இருக்கின்றன. அவற்றில் பல, சில நூறு பேர் வாழும் சிற்றூர்களாக இருந்தும், சொந்தமாக ஒரு முகாமிடத்தை நடத்துகின்றன. ‘காம்பிங் முனிசிபல்’ என்று பலகை இருக்கும். புல்தரை, வெந்நீர்க் குளியல், பாத்திரம் கழுவத் தொட்டி. இதற்கு மேல் அலங்காரம் இல்லை. சைக்கிளில் வந்த ஒற்றை ஆளாக நான் ஓர் இரவுக்குத் தந்தது பெரும்பாலும் 15 யூரோவுக்குள்தான். அலுவலகம் மூடியிருந்தால் கூடாரத்தை அடித்துவிட்டு உறங்கலாம். காலையில் ஒருவர் வந்து பணம் வாங்கிக்கொள்வார்.

உங்கள் மனைவியின் கேள்விக்கான பதிலும் இங்கேயே இருக்கிறது. முகாமிடம் பல ஊர்களில் ஆற்றை ஒட்டிய தாழ்வான பொதுநிலத்தில் இருக்கிறது. விடுதியோ உள்ளே கடைத்தெருவில் இருக்கும். வெள்ளம் வரக்கூடிய அந்த மண்ணில் வீடு கட்ட முடியாது; அதனாலேயே ஊரின் மிக அழகான துண்டு கூடாரக்காரருக்கு வாய்த்திருக்கிறது. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் நிற்கும். இது வசதியுள்ளவர்களின் ஏழ்மை விளையாட்டு என்றும் அவருக்குத் தோன்றலாம். 1936 ஜூனில்தான் பிரான்சின் தொழிலாளர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுமுறை சட்டமானது. அந்தக் கோடையில் ஆலைத் தொழிலாளர்கள் பலர் சைக்கிளிலும், இருவர் மிதிக்கும் டேண்டம் வண்டியிலும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, வாழ்வில் முதல்முறையாகத் தம் நாட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியில்தான் நீங்கள் படுக்கப்போகிறீர்கள். அவரையும் அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

சைவத்துக்குப் பெரிய தடை இல்லை. கிராம உணவகத்தை மட்டும் நம்பாதீர்கள். சிறு அடுப்பு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பிரெஞ்சுக் கடைகளில் கிடைக்கும் எரிவாயுக் குப்பிகள் எல்லாம் திருகு மறை கொண்டவை அல்ல; உங்கள் அடுப்புக்கு எது பொருந்தும் என்பதைப் பாரிஸிலேயே சோதித்துவிடுங்கள். லுவாரின் மேற்பகுதியில் விளையும் புயி என்னும் பச்சைநிற மசூர் வகைப் பருப்பு அரை மணிக்குள் வெந்துவிடும்; ஊறப்போட வேண்டாம். சான்சேருக்கு அருகிலுள்ள சவிஞோல் ஊரின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை எல்லாரும் புகழ்வார்கள். ஆனால் பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலானவற்றை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைநொதி என்பதைச் சொல்லிவிடுகிறேன், முடிவு உங்களுடையது. தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்காக அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்கத் தகாதது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுந்தொலைவு சைக்கிள் பயணத்தைப் பிரான்சில் ஓர் இயக்கமாக வளர்த்த பால் தெ விவி, சைக்கிள் உலகில் ‘வெலோசியோ’ என்று அறியப்பட்டவர் (1853–1930), சைவர்தான். பசிக்கும் முன் உண், தாகம் எடுக்கும் முன் குடி என்பது அவர் வகுத்த விதிகளில் ஒன்று. வீம்புக்காக மிதிக்காதே என்பது இன்னொன்று; அதை உங்கள் நூறு கிலோமீட்டருக்காகவே நினைவூட்டுகிறேன்.

பாரிஸிலிருந்து நெவேருக்கு நேரடி ரயில் உண்டு. சைக்கிளுக்கும் சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். வட்டார ரயில்களில் பொதுவாகச் சைக்கிளுக்குத் தனிக்கட்டணம் இல்லை, ஆகவே தூரிலிருந்து திரும்புவது எளிது. முடிந்தால் விடுமுறையை ஜூனுக்கோ செப்டம்பர் முதல் பாதிக்கோ மாற்றிக் கேளுங்கள். ஆகஸ்டில் கிராமத்து ரொட்டிக்காரரும் விடுமுறையில் போய்விடுகிறார். எந்த மாதமானாலும் செவ்வாய்க்கிழமை கிளம்புங்கள். திங்கள் வர ஏழாம் நாள் ஆகும், அதற்குள் ஞாயிறு காலையிலேயே இரண்டு பாகெத்தாக வாங்கி வைக்கப் பழகியிருப்பீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்