நார்வே கடற்கரைக் கப்பல் பயணம்: முதன்முறை குளிர்நாட்டுக்குப் போகிறவர்கள் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

தக்கலையிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 64. அவருடைய துணைவியாருக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் இதுவரை கண்ட பெரிய குளிர், ஒரு டிசம்பரில் ஊட்டியில் தங்கிய மூன்று நாட்கள்தான். நார்வேயின் கடற்கரையை ஒட்டிச் செல்லும் கப்பலில் போய், இரவு வானில் வண்ணமாக நெளியும் வடதுருவ ஒளியையும், ஃபியோர்டு எனப்படும் மலைகளுக்கிடையே புகுந்த கடலையும், புகழ்பெற்ற மலை ரயிலையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புவதாகவும், எந்த மாதம் நல்லது, எந்தெந்தச் சுற்றுலாக்களை முன்பதிவு செய்யலாம், எவ்வளவு கம்பளி வாங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கும் மூன்றையும் ஒரே பயணத்தில் நன்றாகப் பார்க்க முடியாது. வடதுருவ ஒளி தெரிவதற்கு வானம் இருட்ட வேண்டும்; அதற்குரிய காலம் செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை. அருவிகள் பெருகி விழுவதும், கப்பல் கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் நுழைவதும் கோடையில்தான். அப்போது வடக்கே நள்ளிரவிலும் சூரியன் மறைவதில்லை. முதல் பயணத்துக்கு, அதிலும் முழங்கால் வலியுள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்லும் பயணத்துக்கு, ஜூன் மாதத்தின் முதல் பாதியையே நான் சொல்வேன். மலை உச்சிகளில் பனி மிச்சமிருக்கும். ஆனால் நடக்கும் தெருவில் உறைபனி இருக்காது. வழுக்கி விழும் பயமில்லாமல் நடப்பது உங்கள் இருவருக்கும் வடதுருவ ஒளியைவிட முக்கியம்.

மாதம் முடிவானதும் அடுத்துப் பார்க்க வேண்டியது கப்பல் புறப்படும் தேதி. ரயிலோ விமானமோ அல்ல. பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள கிர்க்கெனஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் இந்தக் கடல்வழி 1893இல் தொடங்கியது. இன்று ஹுர்டிகுருட்டன், ஹவிலா என்னும் இரண்டு நிறுவனங்கள் இதில் கப்பல் விடுகின்றன. இவை ஆடம்பர உல்லாசக் கப்பல்கள் அல்ல. சரக்கும் உள்ளூர் மக்களும் ஏறி இறங்கும் கப்பல்கள். சில துறைமுகங்களில் கால் மணி நேரம்தான் நிற்கும், யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே புறப்படும் தேதிக்குக் குறைந்தது ஒரு நாள் முன்னதாகவே நீங்கள் பெர்கனில் இருக்க வேண்டும். போய்த் திரும்ப 12 நாட்கள் ஆகும். உங்களுக்கு வடக்கு நோக்கிய ஒருவழிப் பயணமே போதும். ஏழாம் நாள் கிர்க்கெனஸில் இறங்கி, அங்கிருந்து விமானத்தில் ஓஸ்லோவுக்குத் திரும்பிவிடலாம்.

ரயிலைக் கப்பலுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு நேராக ரயிலில் போனால் ஆறரை முதல் ஏழு மணி நேரம் ஆகும். வழியில் ஃபின்சே என்னும் நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி மிர்டாலில் இறங்கினால் ஃப்ளாம் மலை ரயில் காத்திருக்கும். அதன் நீளம் 20 கிலோமீட்டர். ஏறத்தாழ நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குள்ள சாலைத் தூரம். அந்தத் தூரத்துக்குள் அது 860 மீட்டருக்கும் மேல் இறங்கி, 20 சுரங்கங்களைக் கடந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஃபியோர்டின் கரையில் கொண்டுவிடுகிறது. நடுவே சோஸ்ஃபோசன் அருவியில் சற்று நேரம் நிறுத்துவார்கள். சாரல் முகத்தில் அடிக்கும், கண்ணாடியைத் துடைக்கத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாமிலிருந்து குட்வாங்கனுக்குப் படகு, அங்கிருந்து வோஸுக்குப் பேருந்து, பிறகு மறுபடியும் ரயில் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கும் சீட்டுகள் விற்கிறார்கள். வலியுள்ள முழங்காலோடு ஒரே நாளில் இத்தனை முறை ஏறி இறங்குவது வேண்டாம். ஃப்ளாமில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை நேரோய்ஃபியோர்டு வழியாகப் படகில் போங்கள். யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் அது. பெரிய பெட்டிகளை ஓஸ்லோ விடுதியிலிருந்து பெர்கன் விடுதிக்குத் தனியே அனுப்பும் சேவை உண்டு. அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

சுற்றுலாக்களைப் பொறுத்தவரை, கப்பலில் தரும் பட்டியலைக் கண்டு எல்லாவற்றுக்கும் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓலசுண்டில் 1904 தீ விபத்துக்குப் பின் புதிதாகக் கட்டிய தெருக்களையும், ட்ரொன்ட்ஹைமின் பழைய பேராலயத்தையும், ட்ரோம்சோ நகரத்தையும் நீங்களே மெதுவாக நடந்தோ வாடகைக் காரிலோ பார்த்துவிட முடியும். கட்டாயம் பணம் கட்ட வேண்டியது ஒன்றே: ஹோனிங்ஸ்வாக்கில் இறங்கிப் பேருந்தில் போகும் நோர்ட்காப் முனை. கடலிலிருந்து 307 மீட்டர் செங்குத்தாக எழும் பாறை அது. கன்னியாகுமரி முனையருகே பிறந்து வளர்ந்த நமக்கு, இன்னொரு கண்டத்தின் வடகோடிக்கு அருகில் நிற்பது தனியான அனுபவம். இதைக் கப்பல் நிறுவனத்தின் மூலமாகவே பதிவு செய்யுங்கள். அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் நிற்கும். நீங்களாக ஏற்பாடு செய்த கார் தாமதமானால் நிற்காது.

லோஃபோட்டன் தீவுகளின் ஸ்வோல்வேரில் மாலையில் கப்பல் நிற்கும்போது அவசியம் இறங்குங்கள். நான் போனது மே மாதத்தில். கரையோரம் மரக்கழிகளால் கட்டிய பெரும் பந்தல்களில் காட் மீன்களை வாலோடு வால் சேர்த்துக் கட்டி, தலையில்லாமல் தொங்கவிட்டிருந்தார்கள். உப்பே போடாமல், பிப்ரவரி முதல் மே வரை, குளிர்காற்றிலேயே உலர்த்துகிறார்கள். கண்ணை மூடினால் குளச்சல் கரைதான். ஆனால் ஒன்றைத் தட்டிப் பார்த்தபோது விறகுக் கட்டை போல ஓசை வந்தது. ஜூனில் பெரும்பாலான பந்தல்கள் காலியாகத் தொடங்கியிருக்கும்.

குளிரைப் பற்றி. ஜூனில் அந்தக் கடற்கரையில் 10 டிகிரியை ஒட்டியே வெப்பநிலை இருக்கும். அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டத்தால் அங்கே கடல் குளிர்காலத்திலும் உறைவதில்லை. உங்களைப் படுத்தப்போவது காற்றும் ஈரமும்தான். பெர்கனில் ஆண்டுக்கு 200 நாட்களுக்கு மேல் மழை பெய்கிறது. தடித்த கம்பளிச் சட்டை ஒன்றை வாங்கி அதையே நம்புவது தவறு. உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழைச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்காக அணியுங்கள். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் உலராது. மேல்தளத்தில் நின்ற பத்து நிமிடத்தில் முதுகு சில்லிட்டுவிடும். துணைவியார் சேலையே உடுத்த விரும்பினால் உள்ளே கம்பளிக் கால்சட்டை அணிந்து, கரையில் இறங்கும் நாட்களில் மட்டும் சுடிதாருக்கு மாறுவது நல்லது, ஏனெனில் நனைந்த சேலைக்கரை கணுக்காலில் ஒட்டிக்கொண்டு நடையைத் தடுக்கும்.

கப்பல் பெரும்பாலும் தீவுகளின் மறைவில்தான் போகும். ஸ்டாட் முனையையும், போடோவைத் தாண்டி வெஸ்ட்ஃபியோர்டையும் கடக்கும்போது மட்டும் திறந்த கடலின் ஆட்டம் தெரியலாம். இங்கே கன்னியாகுமரியில் கச்சான் காற்றில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஆனாலும் குமட்டல் மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு அருகில் அறை கேளுங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறை மலிவானது. சூரியன் மறையாத ஜூனில் அதில்தான் நல்ல இருட்டில் தூங்கவும் முடியும். இந்தக் கப்பல்களில் மருத்துவர் இருப்பதில்லை. ஆகவே அன்றாட மாத்திரைகளை, மருத்துவரின் சீட்டோடு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விசா ஷெங்கன் வகை, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். விரல் ரேகைக்கு நேரில் போக வேண்டும். ஜூன் பயணத்துக்கு ஜனவரியில் கப்பல் அறையைப் பிடித்து, பிப்ரவரியில் விண்ணப்பத்தைக் கொடுத்து, விசா கையில் வந்த பிறகு, பணம் திரும்பக் கிடைக்காத மலிவு ரயில் சீட்டுகளை வாங்குங்கள்.