மலையகத்தில் இலாப நோக்கமில்லாத ஒரு சின்ன எஃப்.எம். வானொலி தொடங்க முடியுமா?

கேள்வி: நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்து இளைஞர்கள் சிலர். விளம்பரம் எதுவும் இல்லாமல், எங்கள் பள்ளத்தாக்குக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு எஃப்.எம். நடத்த ஆசை. லைசன்ஸ் எப்படி எடுப்பது? இணையத்தில் 50 வாட் டிரான்ஸ்மிட்டர் மலிவாகக் கிடைக்கிறது, இப்போதே வாங்கி வைக்கலாமா?

பதில்:

வாங்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன். நான் கொஞ்சக் காலம் ஒரு தனியார் வானொலியின் டிரான்ஸ்மிட்டர் நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தவன், இப்போது பண்டாரவளையில் சவுண்ட் வேலை செய்கிறேன். இந்த ஆசையோடு என்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லாரும் டிரான்ஸ்மிட்டர் விலையில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அது ஆகக் கடைசியாக வாங்க வேண்டிய சாமான்.

நம் நாட்டில் வானொலி நடத்த இரண்டு அனுமதி வேண்டும். ஒலிபரப்புவதற்கான லைசன்ஸை 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி ஊடக அமைச்சர் கொடுக்க வேண்டும். அலைவரிசையை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒதுக்க வேண்டும். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காவிட்டால் பிரயோசனமில்லை.

சிக்கல் எங்கே என்றால், இலாபமில்லாத சமூக வானொலிக்கென்று நம் சட்டத்தில் தனி வகையே கிடையாது. இந்தியாவில் 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வளாக வானொலி வந்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். 100 வாட் வலு, 30 மீற்றர் உயர அன்டெனா என்று அளவெல்லாம் எழுதியே வைத்திருக்கிறார்கள். இங்கே சூரியன், சக்தி மாதிரிப் பெரிய தனியார் வானொலிகளுக்கும் உங்கள் பள்ளத்தாக்குக்கும் அதே 44ஆம் பிரிவுதான். கொடுப்பதும் கொடுக்காததும் அமைச்சரின் விருப்பம். இதை மாற்றுவதாகச் சொல்லி 1997இல் ஒலிபரப்பு அதிகார சபைச் சட்டமூலம் ஒன்று வந்தது. அந்தச் சபை அரசாங்கத்தின் பிடியில்தான் இருக்கும், அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. தீர்ப்பு சரியான தீர்ப்பு. ஆனால் அதற்குப் பிறகு ஒழுங்கான ஒன்றைக் கொண்டுவர எந்த அரசாங்கத்துக்கும் மனம் வரவில்லை.

"அப்படியானால் கொத்மலை வானொலி?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1981இல் யுனெஸ்கோ உதவியோடு மகாவலி சமூக வானொலி தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1989இல் வந்ததுதான் கொத்மலை. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே இணைய இணைப்பு வந்தபோது, நேயர்கள் கேள்வியை எழுதி அனுப்ப, அறிவிப்பாளர் கணினியில் தேடி, கிடைத்ததை ஊர் மொழியில் வானொலியிலேயே சொன்னார். இணையம் என்றால் என்னவென்று எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாத காலம் அது. உலகத்தில் பல நாட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் லைசன்ஸ், அலைவரிசை இரண்டும் அரசாங்க வானொலியான இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கையில். சனங்கள் பேசினார்கள், நிலையம் அரசாங்கத்தினுடையது. பதுளைப் பக்கத்து ஊவா சமூக வானொலியும் அப்படித்தான்.

ஆகவே உங்களுக்கு நடக்கக்கூடிய வழி, என் கணக்கில், கூட்டுத்தாபனத்தின் வழியாகப் போவதுதான். சங்கத்தை முதலில் பதிவு செய்யுங்கள். பிரதேச செயலகத்தில் பதியலாம். பெரிதாக யோசித்தால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின்படி உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். அதில் இலாபம் பங்கு பிரிக்கிற பேச்சே இல்லை. பிறகு ஒரு அறையில் கனத்த கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டு, நல்ல மைக் ஒன்றும் கணினி ஒன்றும் வைத்து, அரை மணி நேர நிகழ்ச்சிகளாக ஒரு பத்துப் பன்னிரண்டு செய்து முடியுங்கள். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு போய், வாரத்துக்கு அரை மணி நேரம் ஒலிபரப்ப இடம் தரச் சொல்லிக் கூட்டுத்தாபனத்திடம் கேளுங்கள். வெறுங்கையோடு போய்க் கேட்கிறவனுக்கும் ஒலிப்பதிவோடு போகிறவனுக்கும் கிடைக்கிற மரியாதையே வேறு. அதே நிகழ்ச்சிகள் இணையத்திலும் போகட்டும்.

தயவுசெய்து சினிமாப் பாட்டில் நேரத்தை நிரப்பாதீர்கள். அதற்கு ஏற்கெனவே போதுமான வானொலிகள் இருக்கின்றன, பாட்டின் உரிமையைக் காக்கிற 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. கொழுந்து நிறுவை, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் எடுக்கிற முறை, பிரதேச சபை அறிவித்தல், ஆஸ்பத்திரி கிளினிக் நாள், மண்சரிவு எச்சரிக்கை: இவற்றைத் தமிழில், அந்தத் தோட்டத்துப் பெயரைச் சொல்லிச் சொல்ல யாருமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை லயத்து வாசல்வரை வந்து, திரும்பத் திரும்பக் காதில் விழ வேண்டும். உங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய காரணம் இதுதான்.

சொந்த லைசன்ஸுக்கும் விண்ணப்பியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் "எங்கள் விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது" என்று கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு செய்தாக வேண்டும். மறுத்தாலும் காரணம் எழுத்தில் வரும்.

இனி மலை. எஃப்.எம். அலை ஏறக்குறைய வெளிச்சம் மாதிரி, நேர்கோட்டில் போகும். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தெரியும்: ஒரு முடக்கில் பாட்டு தெளிவாகக் கேட்கும், அடுத்த முடக்கில் வெறும் இரைச்சல். பொகவந்தலாவை சுற்றிவர மலை. உங்களுக்கு அது நல்லது, வெளியே அதிகம் சிந்தாது. ஆனால் உள்ளேயே ஒரு மேடு குறுக்கே நின்றால் அதன் பின்னால் இருக்கிற டிவிஷனுக்கு ஒன்றும் போகாது, வாட்டைக் கூட்டினாலும் பெரிய வித்தியாசம் வராது. செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். பனி இல்லாத ஒரு இரவில் நல்ல டார்ச்சோடு இரண்டு பேர் மேலே ஏறி, அன்டெனா வைக்க நினைக்கிற இடத்திலிருந்து ஒவ்வொரு லயத்துப் பக்கமாகவும் அடியுங்கள். ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் ஃபோனோடு நின்று வெளிச்சம் தெரிகிறதா என்று சொல்லட்டும். தெரிகிற இடமெல்லாம் கேட்கும். தெரியாத இடம் சந்தேகம். கொழும்பிலிருந்து வருகிற என்ஜினியர் கணினியில் போட்டுக் காட்டுகிற வரைபடமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லும்.

ஸ்டீரியோ வேண்டாம், மோனோவில் அனுப்புங்கள். பலவீனமான சிக்னலில் மோனோ எவ்வளவோ சுத்தமாகக் கேட்கும், மலையில் பட்டுத் திரும்பி வருகிற அலையால் வருகிற 'ஸ்ஸ்' கரகரப்பும் குறையும். அன்டெனாவைச் செங்குத்தாக நிறுத்துங்கள், ஆட்டோவிலும் சின்ன ரேடியோவிலும் ஏரியல் அப்படித்தான் நிற்கிறது. கேபிளில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிளை 30 மீற்றர் இழுத்தால், போகிற வலுவில் மூன்றில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும், மீதி கேபிளையே சூடாக்கும்.

கம்பம் நடுகிற நிலமும் ஒரு சிக்கல்தான். தோட்டத்துக் காணி அரசுடையது, கம்பனி குத்தகைக்கு எடுத்திருக்கிறது. தோட்டத்து மேலாளரான துரை வாய் வார்த்தையாகச் சரி என்றால் போதாது, கம்பனியின் கடிதம் வேண்டும். மலை மாவட்டமென்பதால் கட்டிடத்துக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுச் சான்றிதழும் கேட்பார்கள். கோயில் காணியோ பாடசாலைக் காணியோ கிடைத்தால் பேச்சு சுருங்கும்.

அந்த 50 வாட் பெட்டிக்கு வருகிறேன். அலை வீசுகிற கருவியை இறக்கவே ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், துறைமுகத்திலேயே பிடிபடலாம். பிடிபடாமல் வந்தாலும், மலிவுப் பெட்டிகளில் ஃபில்டர் ஒழுங்காக இருப்பதில்லை. எஃப்.எம். 108 மெகாஹேர்ட்ஸில் முடிகிறது. அதற்கு மேலே 118 வரை விமானங்கள் திசை பிடிக்கிற அலைவரிசை. உங்கள் பெட்டியின் அசுத்தம் அங்கே போய் விழுந்தால், தேடி வருகிறவர்கள் அறிவுரை சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். அதற்குப் பிறகு உங்கள் பெயரில் வருகிற எந்த விண்ணப்பமும் நகராது.

அனுமதியோடு ஒரு நாள் கம்பம் நட்டால் மின்னலை மறக்காதீர்கள். மார்ச் - ஏப்ரலும் ஒக்டோபர் - நவம்பரும் நமக்கு இடி மாதங்கள். கம்பத்துக்கும் கேபிளுக்கும் கட்டிடத்துக்கும் தனித்தனி எர்த் போட்டுவிட்டு அப்படியே விடக்கூடாது, எல்லாவற்றையும் கனத்த செப்புப் பட்டியால் ஒன்றாக இணைக்க வேண்டும். கல் மலையில் ஒரு கம்பி அடித்தால் எர்த் கிடைக்காது, நாலைந்து இடத்தில் அடித்து இணைத்து மீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள், வந்து பார்க்கிறேன்.